செவ்வந்தி ஜிக் வாங்கப் போனாள்

திருப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல்காரி செவ்வந்தி. ஞாயிற்றுக்கிழமையானால் ஆசைக்கு மரப்பெட்டி செய்வாள். பலகை மூலைகளைப் பல் பல்லாக வெட்டிக் கோக்க உதவும் டவ்டெயில் ஜிக் ஒன்று வாங்க, கனகசபாபதியின் கருவிக் கடைக்குப் போனாள்.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கரண்டி பக்கத்துக் கடையில இருக்குதும்மா." கடையே சிரித்தது.

செவ்வந்தி நகரவில்லை. "ஜிக்குத்தானுங்க வேணும். எது நல்லது?"

இருப்பதிலேயே பெரிய இயந்திர ஜிக்கைக் காட்டினார். பக்கத்தில் ஒரு தேக்குப் பெட்டி. "இந்த ஜிக்குல செஞ்ச பெட்டி. ஒரு குறை சொல்லிட்டா ஜிக்கைச் சும்மாவே எடுத்துட்டுப் போ. முடியலையா, நடையைக் கட்டு."

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு குறையும் இல்லீங்க. அதுதான் இடிக்குது. இது கூட மெஷின்ல சுத்தி மரத்தை வெட்டுற பிட்டைக் குடுங்க."

பிட்டின் கழுத்து பென்சில் தடிமன் இருந்தது. அதைப் பெட்டி மூலையில் வைத்துக் காட்டினாள். அங்கே தெரிந்த பல் தீக்குச்சி அகலம்கூட இல்லை.

"பிட்டு புகுந்து வெட்டுன வழியிலதான் இந்தப் பல்லு உட்காரணும். பென்சில் போன வழியில தீக்குச்சி இவ்வளவு இறுக்கமா நிக்குமாங்க? இது கையால அறுத்த பெட்டி."

இப்போது கடை வேறு மாதிரி சிரித்தது. முதலாளி ஜிக்கை அவசரமாக அவள் பக்கம் தள்ளினார்.

"அது வேண்டாமுங்க. இந்தப் பெட்டிக்காரர் எதை வெச்சு அறுத்தாரோ, அதை எடுங்க. காசு குடுத்தே வாங்கிக்கிறேன்."

கனகசபாபதி குனிந்து, அடித்தட்டிலிருந்து கைரம்பத்துக்கான சின்ன ஜிக்கை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"இந்தாங்கம்மா" என்றார்.