நான்காவது கல்லை எழுதியவர்

"மூணு வருஷமா எழுதறேன். ஒரு தடவையாவது என் பேரைப் போட்டீங்களா சார்?"

கேட்டவர் அமலதாஸ். ஐம்பதைத் தாண்டியவர். நையாண்டி எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரயில்வே வேலையை விட்டுவிட்டு 'கிள்ளு' பத்திரிகைக்கு வந்தவர்.

அதன் ஆசிரியர் வேதாசலம் நான்கு நாடுகளில் தூதராக இருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டு நாவல் எழுதினார். அதுவும் போதாதென்று பத்திரிகை தொடங்கி, ஊர் வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். அமலதாஸுக்கு அவர்தான் குரு.

"உங்க நாவல் அட்டையில மட்டும் உங்க பேரு கொட்டை எழுத்துல இருக்கு. நான் எழுதறேன்னு சொன்னா என் வீட்டுக்காரிகூட நம்ப மாட்டேங்கறா."

வேதாசலம் நிமிரவில்லை. அச்சுக்குப் போகவேண்டிய தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. ஒரே பாலத்துக்கு நான்கு முறை அடிக்கல் நாட்டிய அமைச்சரைப் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையை மேசையில் போட்டார்.

"உங்க மேல கை வைக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க சார். எழுதினவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க."

எழுதியவர் அமலதாஸ்.

"நான்தான்" என்றார் வேதாசலம்.

"அந்த வாரம் நீங்க டெல்லியில இருந்தீங்க. விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

"தூதரகத்துலேர்ந்து போற தந்தி எல்லாம் தூதர் பேர்லதான் போகும். யார் எழுதினாலும்."

இன்ஸ்பெக்டர் அமலதாஸ் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு?"

அமலதாஸ் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"பிழை திருத்தறவர்" என்றார் வேதாசலம், செருப்பை மாட்டிக்கொண்டே.

ஜீப்பில் ஏறும் முன் அலுவலகச் சாவியை அமலதாஸ் கையில் வைத்தார்.

"அடுத்த இதழ் உங்க பொறுப்பு. ஆசிரியர்னு உங்க பேரைப் போட்டுக்கோங்க. பயமா இருந்தா பூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

ஜீப் போய்விட்டது.

அமலதாஸ் சாவியோடு உள்ளே போய் முதல் பக்கத்தை இழுத்து, ஆசிரியர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.

அடுத்த தாளை எடுத்தார். அதே அமைச்சரைப் பற்றித் துறையூரிலிருந்து ஓர் அரசுப் பள்ளி டீச்சர் எழுதியிருந்தார். பெயரும் விலாசமும் கொடுத்து, தவறாமல் போடும்படி கேட்டிருந்தார்.

ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி அமலதாஸ் அந்தப் பெயரை அடித்தார்.