காந்தல் தின்ற அணில்

காட்டோரம் ஒரு கரும்பாலை. அதன் கூரையை ஒட்டி ஓர் இலுப்பை மரம். பக்கத்தில் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் அத்தி மரம். இலுப்பையிலிருந்து அத்திக்கு ஒரே தாவல்.

அந்தத் தாவலைத் தினமும் தாவுகிற அணில் ஒன்று இருந்தது. எதைப் பார்த்தாலும் ஏன், ஏன் என்று கேட்கும். அதனால் காட்டில் அவனுக்கு ஏனப்பன் என்றே பெயர்.

அத்தி மரத்தில் அவன் கூடு. கூட்டில் மனைவி வரிச்சி. கண் திறக்காத மூன்று குட்டிகள். ஆனால் ஆலையில் அடுப்பு எரிகிற நாளெல்லாம் ஏனப்பன் இந்தப் பக்கம்தான் கிடப்பான். கரும்புச்சாறு காய்ச்சும் கொப்பரையின் அடியில் பாகு கருகிப் பிடிக்கும். அந்தக் காந்தலைச் சுரண்டிக் கரும்புச் சக்கைமேல் வீசுவார்கள். அது என்றால் அவனுக்கு உயிர். அத்திப் பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

ஒருநாள் வீட்டுக்குத் தாவினான். கிளை வரவில்லை! ஒரு சாண் முன்னாலேயே கீழே போய்விட்டான். அடிக்கிளையில் நகம் மாட்டியதால் பிழைத்தான்.

வரிச்சி பதறிப்போனாள். "என்ன ஆச்சு உங்களுக்கு? நேற்றும் இப்படித்தான் சறுக்கினீங்க! சாரைப்பாம்பு ஓடைப் பக்கமே சுத்துது. அது ஏறினா நான் கத்துவேன். நீங்க உடனே வரணும். நான் ஒருத்தி மூணு குட்டியையும் எப்படித் தூக்குவேன்?"

"வருவேன்டி! வராம எங்கே போவேன்?"

வாய் சொன்னது. மனசு கேட்டது: ஏன்? அதே கிளை. அதே கால். தாவல் மட்டும் எப்படிக் குறைந்தது?

மறுநாள் தாவப் பயந்து ஓடைக் கல்மேல் நடந்தே ஆலைக்கு வந்தான். சுவரில் ஓணான் முறுக்கன் வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

"என்ன அணிலாரே, இன்னைக்கு நடராஜா சர்வீஸா?"

"தாவ முடியலை மாமா. உடம்பு விறைச்சுக் கிடக்கு. ஏன்?"

"வயசாச்சுப்பா!"

"போன மழைக்குப் பிறந்தவனுக்கு என்ன வயசு?"

"அப்போ கண்ணேறு!"

"யார் கண்ணு?"

"என் கண்ணுதான்னு வச்சுக்கோயேன்! ஆளை விடு!"

அந்த ஆளிடம் கேட்டது தப்பு. ஏனப்பன் உள்ளே போனான். கொப்பரைக்கு மேலே உத்தரத்தில் ஒரு சிலந்தி. தன் வலையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். வலை நடுவில் பெரிய ஓட்டை.

"என்னக்கா ஆச்சு?"

"ஒரு சின்னக் குளவிடா! வந்து மோதிச்சு, அந்தப் பக்கம் போயிடுச்சு. வண்டே மாட்டின வலை இது!"

"அதே இழைதானே? ஏன் அறுந்துச்சு?"

"தெரிஞ்சா உன்கிட்ட ஏன் புலம்பறேன்?"

ஏனப்பன் கிட்டே போய்ப் பார்த்தான். வலை வெள்ளையாக இல்லை. கொப்பரை ஆவி பட்டுப்பட்டுப் பழுப்பேறியிருந்தது. பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

"ஒரு புது இழை விடுங்க அக்கா."

விட்டாள். விரலால் இழுத்தான். நீண்டது. விட்டான். பழையபடி சுருங்கியது. பழுப்பு இழையை இழுத்தான். நீளவே இல்லை. டக்! அறுந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இனிப்பு!" என்றாள் சிலந்தி. "ஈ நிறைய வருதேன்னு ஆசைப்பட்டு இங்கே வலை கட்டினேன். இனிப்பு இழைக்கு இழை நடுவுல புகுந்து முடிச்சுப் போட்டிருக்கு!"

"தண்ணி விட்டா போகாதா?"

விட்டுப் பார்த்தார்கள். நேற்றுப் படிந்த பிசுபிசுப்பு கரைந்தது. பழுப்பேறிய முடிச்சு அசையவில்லை.

ஏனப்பன் தன் காலை நீட்டி மடக்கிப் பார்த்தான். "அக்கா, எனக்குள்ளேயும் இழை இருக்கா?"

"எத்தனை பேரைத் திறந்து பார்த்தவ நான்! என்னைக் கேட்கிறியே! போன மாசம் ஒரு குருவிக்குஞ்சு செத்து இங்கே கிடந்தப்போ உள்ளே போய்ப் பார்த்தேன். தோல், தசைநார், ரத்தக்குழாய், எல்லாத்திலும் இழைதான். இழுத்தா நீளும். விட்டா சுருங்கும். அதனாலதான் பறக்கிறது, தாவுறது எல்லாம்."

"ஆனா எனக்குள்ளே அடுப்பு இல்லையே!"

"ரத்தம் சூடுதானேடா? அதிலே இனிப்பு மிதந்துக்கிட்டே இருந்தா மெல்ல மெல்ல ஒட்டும். அடுப்பு ஒரு பொழுதில் செய்யறதை உடம்பு பல பருவத்தில் செய்யும். நீயோ பொறுமை இல்லாம அடுப்பில் கருகினதையே தின்கிறே!"

"கண்ணு கொஞ்சம் மங்கலாத் தெரியுது அக்கா. அதுவுமா?"

"கண்ணுக்கு உள்ளேயும் பழுப்பேறினா? அழுக்குக் கண்ணாடிதான்! போதாததுக்கு, அந்தப் பழுப்பை உடம்பு முள்ளுன்னு நினைச்சுக்கும். சுத்திச் சுத்திச் சண்டை போடும். வீங்கும்."

சொல்லிக்கொண்டே தன் பழைய வலையைச் சுருட்டி வாயில் போட்டாள். "நான் இதைத் தின்னுட்டு ஆலைக்கு வெளியே புதுசு கட்டிக்குவேன். உன்னால உன் ரத்தக்குழாயைச் சுருட்டித் தின்ன முடியுமா?"

ஏனப்பன் உத்தரத்திலிருந்து இறங்கினான். வெளியே வந்தான். சக்கைமேல் அப்போதுதான் வீசிய காந்தல். ஆவி பறந்தது.

இவ்வளவு தெரிந்தவன் என்ன செய்ய வேண்டும்? விட்டுவிட்டுப் போக வேண்டும். அவன் என்ன செய்தான்? "நாளையிலிருந்து!" என்று சொல்லி ஒரு துண்டைக் கவ்வினான்.

அப்போது ஓடைக்கு அப்பாலிருந்து வரிச்சி கத்தினாள்.

சாரைப்பாம்பு அத்தி மரத்தில் பாதி ஏறிவிட்டது!

காந்தலைத் துப்பினான். இலுப்பையில் ஏறினான். கிளை நுனிக்கு ஓடினான். கால் தானாகவே தாவப் பதுங்கியது. எதிரே வரிச்சி, வாயில் ஒரு குட்டியோடு உச்சிக்கிளைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு குட்டிகள் கூட்டில்.

டக்கென்று அறுந்த இழை நினைவுக்கு வந்தது.

தாவினால் ஓடையில்தான் விழுவான். குட்டிகளுக்கு அதனால் என்ன லாபம்? சடசடவென்று கீழே இறங்கினான். கல்லுக்குக் கல் ஓடினான். மூச்சு இரைத்தது. முழங்கால் மடங்க மறுத்தது. பாம்புக்குப் பின்னாலேயே அத்தியில் ஏறி, அதன் வாலைக் கடித்தான்!

"எவன்டா அது?" பாம்பு சீறித் திரும்பியது.

"குட்டிகளோட அப்பன்! இந்தப் பக்கம் வா!"

பாம்பு கொத்தியது. பழைய ஏனப்பனாக இருந்தால் துள்ளித் தப்பியிருப்பான். இவன் அரை அடி நகர்வதற்குள் பின்னங்கால் தோல் கிழிந்தது. ஓடையில் விழுந்தான். பாம்பு தலையைத் தொங்கப்போட்டு அவனையே தேடியது. அந்த நேரம் போதும். வரிச்சி மீதி இரண்டையும் ஒவ்வொன்றாக, பாம்பு நுழைய முடியாத உச்சிப் பொந்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

குட்டிகள் பிழைத்தன. ஆனால் ஏனப்பனின் காயம் லேசில் ஆறவில்லை. சிலந்தியிடம் கேட்டனுப்பினான், ஏன் என்று. "குழாயே விறைச்சுக் கிடந்தா காயத்துக்கு ரத்தம் எப்படிடா வரும்?" என்று பதில் வந்தது. காந்தலை அன்றோடு விட்டவன்தான். பச்சை அத்திக்காயும் கொழுந்தும் தின்றான். கண்ணும் காலும் அதற்குமேல் மோசமாகவில்லை. மெல்லக் காயமும் ஆறியது.

குட்டிகள் வளர்ந்து அந்த ஓடையைத் தாவக் கற்றுக்கொண்டன. மேல்கிளையிலிருந்து மேல்கிளைக்கு, காற்றைப்போல. ஏனப்பன் கல்மேல் நடந்து வந்தான். கடைசிவரை அப்படித்தான் வந்தான்.

நாக்குக்கு இனிப்பானது உடம்பின் இழைகளில் ஓசையில்லாமல் முடிச்சுப் போடும். போட்ட முடிச்சை அவிழ்ப்பது அரிது, ஆகையால் முடிச்சு விழுவதற்கு முன்பே வாயைக் கட்டு.