தூணைத் தொடாத கூரை

முன்னொரு காலத்தில், சண்டையெல்லாம் ஓய்ந்து ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் கிடந்த காலத்தில், ஒரு நாட்டில் மகுடநாதர் என்று ஓர் அரசர் இருந்தார். ஒரு நாள் அரண்மனைத் தச்சர்கள் இழைப்புளி போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்குக் கை துறுதுறுத்தது.

"இதென்ன பெரிய வித்தை? நாமே ஒன்று செய்வோம்" என்றார். செய்தும்விட்டார்.

நந்தவனத்துக் குளக்கரையில், தேக்குப் பலகைகளை வரிசையாக அடித்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு மரத்தளம். நான்கு மூலையிலும் நான்கு தூண். தச்சர்களைக் கிட்டவே விடவில்லை.

தளம் என்னவோ அழகுதான். தூண்தான் சங்கதி. மண்ணைத் தோண்டினால் கை அழுக்காகும் என்று, அரசர் தூண்களைப் பலகையின் மேலேயே நிறுத்தி, தூணுக்கு இரண்டு ஆணி அடித்து விட்டிருந்தார்.

"தேவலோகத்துத் தச்சன் பார்த்தால் உளியைக் கீழே போட்டுவிடுவான், பிரபு!" என்றார் பிரதானி கேசவராயர். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அரசவை விகடன் சடையாண்டி மட்டும் ஒரு தூணில் லேசாகத் தோளைச் சாய்த்தான். தூண் 'கிறீச்' என்றது. சட்டென்று நிமிர்ந்து கைகட்டிக்கொண்டான்.

"என்ன சடையாண்டி, உன் பேச்சையே காணோமே?"

"தூண் பேசிக்கொண்டிருந்தது அரசே. நடுவில் பேசுவது மரியாதையில்லை என்று நின்றேன்."

அரசர் முகம் சுருங்கிப்போயிற்று. கேசவராயருக்கு அது போதாதா? சடையாண்டி மேல் அவருக்கு வெகுநாளாகவே புகைச்சல்.

"பிரபு, தங்கள் கைவேலையிலா குறை சொல்வது! இனி அப்படிச் சொல்கிறவனை நாடு கடத்த வேண்டும். இன்னொன்று. இன்றைக்குப் பத்தாம் நாள், புதிதாகப் பிறந்திருக்கும் இளவரசருக்குத் தொட்டில் போடுகிறோம். இந்தத் தளத்துக்கு ஒரு கூரை போட்டு, தொட்டிலை இங்கேயே தொங்கவிட்டால் என்ன? கூரையைச் சடையாண்டியே போடட்டும்."

அரசருக்கு உச்சி குளிர்ந்தது. "அப்படியே ஆகட்டும்! ஆனால் சடையாண்டி, கேட்டுக்கொள். என் தளத்தில் நீ ஓர் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு பலகையைப் பெயர்க்கக் கூடாது. என் தூணை மாற்றக் கூடாது. என் வேலைமேல் உன் வேலை படவே கூடாது. கூரையோ மழைக்கும் காற்றுக்கும் அசையக் கூடாது. தவறினால் நீ இந்த நாட்டில் இல்லை."

சடையாண்டி வீட்டுக்கு வந்து இலை முன்னால் உட்கார்ந்தான்.

"என்ன, சோத்தைப் பிசைஞ்சுகிட்டே இருக்கீங்க?" என்றாள் அவன் மனைவி வெள்ளையம்மா.

"தூண் ஆடுதுன்னு சொன்னா நாளைக்கே மூட்டை கட்டணும். சொல்லாம அதும்மேல கூரையை வெச்சா, பச்சைப் புள்ள தலையில விழும்."

"அப்ப மூட்டையைக் கட்டுவோம். எனக்கென்ன, ரெண்டு புடவை, ஒரு தோசைக்கல்லு."

"நாம போயிட்டா வேற எவனாச்சும் வந்து அந்தத் தூண்மேலேயே கூரையை ஏத்திடுவானே! புள்ளைக்கு என்ன வழி?"

வெள்ளையம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி, ராஜா என்னதான் சொன்னாரு? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். "ஆணி அடிக்கக் கூடாது... பலகையைப் பெயர்க்கக் கூடாது... தூணை மாத்தக் கூடாது... என் வேலைமேல உன் வேலை படவே..."

பாதியில் நின்றான். இலையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊத்து, வெள்ளையம்மா!"

மறுநாளே வேலை தொடங்கிற்று. தளத்தின் நான்கு மூலைக்கும் வெளியே, ஒரு முழம் தள்ளி, மார்பளவு ஆழத்துக்குக் குழி தோண்டினான். அடியில் கருங்கல் பாவி, வைரம் பாய்ந்த பனங்கால்களை நிறுத்தி, சுற்றிலும் கல்லும் மண்ணுமாக இடித்து இறுக்கினான். ஓடு வேண்டாம், கனம் என்று கீற்று வேய்ந்தான். தண்ணீர் தங்காமல் ஓடும்படி நல்ல சரிவு விட்டான். காற்று தூக்காதபடி சட்டம் ஒவ்வொன்றையும் கயிற்றால் உத்தரத்தோடு பிணைத்தான். நடு உத்தரத்தில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு மூன்று நாள் ஆட்டியும் பார்த்தான். கூரை அரசரின் தளத்தை முழுதும் மூடி நின்றது. ஆனால் எங்கேயும் அதைத் தொடவில்லை.

பத்தாம் நாள் வந்தது. மேளம், சந்தனம், ஊர் முழுக்கக் கூட்டம். ராணி குழந்தையோடு வந்தார். கேசவராயர் அண்ணாந்து பார்த்தார். தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, அரசர் நிறுத்திய தூணின் உச்சிக்கும் உத்தரத்துக்கும் நடுவே நுழைத்தார். அது அந்தப் பக்கம் வந்து விழுந்தது.

"பிரபு! வெற்றிலை நுழைகிறது! தங்கள் தூண் தாங்காது என்று வாயால் சொல்லாமல் கட்டியே காட்டிவிட்டான்!"

"சடையாண்டி! ஏன் என் தூண்கள்மேல் கூரையை வைக்கவில்லை?"

"தங்கள் வேலைமேல் என் வேலை படக் கூடாது என்று உத்தரவாயிற்றே, அரசே! தூண் தங்கள் வேலை. கூரை என் வேலை. வைத்தால் பட்டுவிடுமே! தவிரவும், பட்டத்து யானைமேல் யாராவது கீற்றுக்கட்டு ஏற்றுவார்களா?"

கூட்டத்தில் சிரிப்பு. கேசவராயர் விடவில்லை. "ஏற்றினாலும் தாங்கும்! இந்தத் தூண்களில் மலையையே தொங்கவிடலாம், பிரபு!"

"மலை வேண்டாம்" என்றான் சடையாண்டி. "அரண்மனை வழக்கப்படி, குழந்தையை விடுமுன் தொட்டிலில் ஒரு குழவிக்கல்லைக் கிடத்தி மூன்று தரம் ஆட்டுவோமே. அந்தத் தொட்டிலை அரசரின் தூண்களிலேயே கட்டுவோம். பிரதானியார் அடியில் உட்கார்ந்து ஆட்டட்டும்."

கேசவராயர் தூணைப் பார்த்தார். "எனக்கா... எனக்கு மூட்டுவலி, பிரபு. கீழே உட்கார்ந்தால் எழ முடியாது."

"நேற்றுக் கோலாட்டத்தில் குதித்தீரே?" என்றார் அரசர்.

"அதனால் வந்த வலிதான், பிரபு."

"நகரும்! நானே ஆட்டுகிறேன்."

அரசர் தம் தூண்கள் இரண்டின் உச்சியை ஒட்டிக் குறுக்கே ஒரு கழியைக் கட்டச் செய்தார். அதில் தொட்டில், தொட்டிலில் பட்டுத்துணி சுற்றிய கல். எட்டி நின்று கயிற்றை இழுத்தார். முதல் ஆட்டத்துக்குத் தூண்கள் 'கிறீச்' என்றன. இரண்டாவதற்கு ஒன்றையொன்று வணங்கின. மூன்றாவதற்கு வேலையில்லாமல் போயிற்று. தூணும் கழியும் சரிந்தன. கல் பலகையை உடைத்துக்கொண்டு கீழே போயிற்று.

மேளம் நின்றது. மேலே கூரையில் ஒரு கீற்றுக்கூட அசையவில்லை.

அரசர் உடைந்த பலகையைப் பார்த்தார். ராணியின் தோளில் கொட்டாவி விட்ட குழந்தையைப் பார்த்தார். கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

"சடையாண்டி... தூணில் என்ன குறை? சொல்."

"சொன்னால் நாடு கடத்துவீர்களே, அரசே!"

"அந்த உத்தரவை இப்போதே எடுத்துவிட்டேன். சொல்லப்பா."

"குறையே இல்லை. நல்ல தேக்கு. பாவம், ஊன்றிக்கொள்ள மண் கேட்டது, கிடைக்கவில்லை. அதைத்தான் அன்றைக்கே என்னிடம் முனகிற்று."

அரசருக்கு முதலில் கண் கலங்கிற்று. பிறகு சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொட்டிலைக் கூரையின் நடு உத்தரத்தில் கட்டி, வேறொரு கல்லை மூன்று தரம் ஆட்டி, நாலாவதாக இளவரசரைக் கிடத்தினார்கள்.

சடையாண்டிக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது, பொற்கிழி கிடைத்தது. அதோடு விட்டாரா அரசர்? "இதுவும் உனக்குத்தான். என் கையாலேயே செய்தேன்" என்று ஒரு முக்காலியைக் கொண்டுவரச் சொன்னார். அதன் கால்கள் மூன்றும் மூன்று திசை பார்த்து நின்றன.

சடையாண்டி முக்காலியைச் சுற்றி வந்தான். கும்பிட்டான். பிறகு திரும்பினான்.

"எவ்வளவு பெரிய மரியாதை! ஆனாலும் பெரியவர் நிற்க நான் உட்காருவதா? பிரதானியாருக்கு மூட்டுவலி வேறு. முதலில் அவர் உட்காரட்டும், அரசே!"

"இல்லை இல்லை, வலி போய்விட்டது! இப்போதுதான் போயிற்று!" என்று கேசவராயர் இரண்டு எட்டுப் பின்னால் குதித்தார்.

அரசர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. ராணி முறைத்தார். அரசர் வாயைப் பொத்திக்கொண்டு, தாமே தொட்டிலை ஆட்டத் தொடங்கினார்.