கொம்பையாவின் கடைவாய்ப் பல்

மட்டியூரில் அறிவைத் தேடினால் கிடைக்காது. ஆலோசனைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது. கொம்பையாவுக்குப் பல்வலி வந்ததும், கூட்டாளிகள் தவசியும் சடையனும் அவரை டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். “வேர் சிகிச்சை செஞ்சா பல்லைக் காப்பாத்திரலாம். நானும் செய்வேன். ஆனா உங்களுக்கு வேர் வளைஞ்சு கிடக்கு. பெரியாஸ்பத்திரி எதிர்ல ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கார், அவருக்கு இதே வேலை. அவர் செஞ்சா ரொம்ப நாள் நிக்கும். இந்தப் பல்லைக் கொண்டுபோய் அவர்கிட்ட காட்டுங்க” என்றார்.

கொம்பையாவுக்கு உயிரே வந்தது. மச்சினன் வீட்டுக் கிடாவெட்டு நெருங்கிவிட்டது. கறியை மெல்ல அவர் வாயில் மிச்சமிருந்ததோ அந்த ஒரு கடைவாய்ப் பல்தான். எப்பாடு பட்டாவது அது பிழைக்க வேண்டும்.

பஸ் ஸ்டாப்பில் மகாசபை கூடியது.

“இவரு எல்லாப் பல்லுக்கும் டாக்டரு. அவரு வேருக்கு மட்டும். இதுல யாரு பெரியவரு?” என்றார் தவசி.

“வேரு விஷயத்துல அவருதான். அதான் பல்லைக் கொண்டுபோகச் சொல்லியிருக்காரு. ஆளைக் கொண்டுபோகச் சொன்னாரா?” என்றார் சடையன்.

“சொல்லலையே!” என்றார் கொம்பையா. நோவது தன் வாய் என்பதுகூட அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. மண்டை முழுக்கக் களிமண்.

சைக்கிள் கடையில் கொறடு இரவல் வாங்கினார்கள். தவசி தலையைப் பிடிக்க, சடையன் இழுத்தார். கொம்பையா போட்ட கூச்சலில் நிற்காத பஸ்ஸும் நின்றது. கையோடு வந்ததோ சிவனே என்று இருந்த கோரைப்பல்!

“இதுக்கு வேரு நேராத்தான் இருக்கு. இதுக்கு எதுக்கு ஸ்பெஷலிஸ்ட்? சாதா டாக்டரே போதும்” என்று சடையன் அதைப் பல் டாக்டரின் நர்ஸம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அடுத்த இழுப்பில் கடைவாய்ப் பல்லும் வந்துவிட்டது. தூக்குவாளியில் போட்டுப் பத்திரமாக மூடினார்கள்.

ஸ்பெஷலிஸ்ட் வாளியைத் திறந்து பார்த்தார்.

“அடப் பாவிகளா! பல்லு வாய்க்குள்ள இருந்தாத்தானேய்யா நான் வைத்தியம் பார்க்க முடியும்?”

“அவ்வளவுதானே?” தவசி அந்தப் பல்லை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்தார்.

கொம்பையா ரத்தம் வழியும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, பதறியடித்து ஓடிவந்தார்.

“டாக்டர், டாக்டர்! மரத்துப்போற ஊசியை அவனுக்குப் போட்டுறாதீங்க! எனக்குப் போடுங்க. பல்லு என்னோடது!”