ஏழு வயது மன்னரின் பல்லக்கு

“நம்ம ராசா வளர்ந்த வேகத்துக்கு நம்ம கூலி வளரலையேப்பா!”

கோயில் வாசலில் பல்லக்கை இறக்கிவைத்துவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த பெரியாண்டி சொன்னது, அந்தப் பக்கமாக வந்த சாத்தையன் காதில் விழுந்தது. மன்னர் மருதவல்லபரின் சபையில் விகடம் பேசுவதுதான் சாத்தையனின் வேலை. அன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியாண்டி வீட்டில் சாப்பிட ஆறு பேர். கூலியோ நாளுக்கு இரண்டு படி நெல்.

மறுநாள் சபையில் பேச்சை எடுத்தான். “பல்லக்குத் தூக்குகிறவர்கள் நான்கு படி கேட்கிறார்கள், அரசே.”

பொக்கிஷதார் அனந்தப்பர் துள்ளி எழுந்தார். “நான்கு படியா! வயிறு நிறைந்தால் அவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும். அப்புறம் நாடு என்னாவது? இது மன்னர் பட்டமேறிய அன்று எழுதிய ஆணை. ஓர் எழுத்தும் மாறக்கூடாது. இனி கூலியைப் பற்றி வாய் திறப்பவனுக்கு வேலை இல்லை!”

அந்த ஆணைக்குப் பிறகு அவருடைய சம்பளம் மட்டும் ஐந்து முறை ஏறியிருந்தது. அது விலைவாசியால்.

“ஐயா சொல்வதே சரி,” என்று சாத்தையன் கும்பிட்டான். “ஓர் எழுத்தும் மாற வேண்டாம். ஆணையை ஒருமுறை வாசித்தால் காது குளிரக் கேட்போம்.”

அனந்தப்பர் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் ஓலையைப் பெருமையோடு விரித்தார். “ஏழு வயது மன்னரைச் சுமக்க, ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு படி நெல்.”

சபை கலைந்ததும் சாத்தையன் பெரியாண்டியைத் தேடிப் போய் அவன் காதில் ஏதோ சொன்னான்.

அடுத்த நாள் சாத்தையனும் அனந்தப்பரும் கூடவே நடந்துவர, மலைக்கோயில் ஏற்றம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே பல்லக்கு தரையில் இறங்கியது. மன்னர் திரையை விலக்கினார். “என்னடா இது?”

“ஆணைப்படி நடக்கிறார்கள், அரசே,” என்றான் சாத்தையன். “ஏழு வயது மன்னருக்குத்தான் கூலி. அந்த எடை இப்போதைய தங்களில் கால் பங்குதான்; அதை இதுவரை சுமந்தாயிற்று. மீதி முக்கால் பங்குக்கு ஆணை இல்லை. வாய் திறந்து கேட்டால் வேலையும் இல்லை.”

மன்னருக்குக் கோபம் வந்தது. குனிந்து தன் தொந்தியைப் பார்த்தார். சிரிப்பும் வந்துவிட்டது. “அனந்தப்பரே, மீதி மன்னர் எப்படி மேலே போவது?”

“இரண்டு படிக்கு வேறு ஆள் எத்தனையோ பேர் கிடைப்பார்கள், அரசே!”

“இந்த மலையில் வேறு ஆள் நீர்தான். தோள் கொடும்.”

அனந்தப்பர் அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாண்டியின் இடத்தில் நின்றார். பல்லக்கு எழுந்தது. பத்தடி. பதினைந்தடி.

“ஐயாவுக்குத் தூக்கம் வருதுங்களா?” என்று கூடவே நடந்த பெரியாண்டி அக்கறையாக விசாரித்தான்.

இருபதாவது அடியில் அனந்தப்பர் உட்கார்ந்துவிட்டார். சாத்தையன் எழுத்தாணியை நீட்டினான். அவர் மூச்சு வாங்க இடுப்பிலிருந்து ஓலையை உருவினார். ‘இரண்டு’ என்பதை அடித்துவிட்டு, ‘ஐந்து’ என்று எழுதினார்.