அசையாத ஒன்பது பேர்

தாளாளர் தணிகாசலம் எது செய்தாலும் அதற்கு மூன்று பிளக்ஸ் போர்டு வைப்பார். பள்ளியின் கடைநிலை ஊழியர்களுக்குப் பாராட்டு விழா என்று வைத்த போர்டிலும் அவர் முகம்தான் இருந்தது.

விழாவன்று காலையில் ஆயா செங்கமலத்தைக் கூப்பிட்டார். "பத்து மணிக்கு நீங்க ஒன்பது பேரும் மேடையில உட்காரணும். முடியிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது. விழாவுல ஒரு குறையும் வரக்கூடாது."

"நாங்க எழுந்திரிக்காம எப்படிங்கய்யா?"

"ஏன், நீங்க ஒரு மணி நேரம் உட்கார்ந்தா ஸ்கூல் கவுந்துடுமா?"

"சரிங்கய்யா" என்றாள் செங்கமலம். ஒன்பது பேரும் மேடையேறி உட்கார்ந்துவிட்டார்கள்.

கல்வி அதிகாரியம்மாவின் கார் வாசலில் ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் மேடையில் இருந்ததால் தாளாளரே ஓடிப்போய் கேட்டைத் திறந்தார். குத்துவிளக்குக்கு அவரே எண்ணெய் ஊற்றினார். மைக் ஒயரையும் அவரே தேடிச் சொருகினார். அதற்குள் எல்.கே.ஜி. குழந்தை ஒன்று அவர் வேட்டியை இழுத்து, "ஒண்ணுக்கு வருது" என்றது. தூக்கிக்கொண்டு ஓடினார், பாதி வழிதான் போக முடிந்தது.

நனைந்த வேட்டியோடு அவர் திரும்பியபோது, அதிகாரியம்மா பொன்னாடையைப் பிரித்தபடி, "முதல்ல யாருக்குப் போடணும்?" என்று கேட்டார்.

செங்கமலம் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "ஐயாவுக்கே போடுங்கம்மா. எங்க ஒன்பது பேர் வேலையையும் இன்னைக்கு அவர்தானே பாக்குறாரு."