சுயம்புவின் இரண்டு நகல்கள்

நாகர்கோவிலில் வசுமதி மேடத்திடம் புரோகிராமிங் கற்க வந்தவர்களில் ஜெபராஜ்தான் மூத்தவர். மேடத்தைவிடவே இரண்டு வயது மூத்தவர். கனடாவில் இருபத்தாறு வருஷம் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவரை அங்கிள் என்றார்கள். சில நேரம் மறதியில் மேடமும் அப்படியே கூப்பிட்டுவிடுவார்.

பாலிடெக்னிக்கில் தன்னோடு படித்த முப்பத்தொரு பேரையும் ஒரு புரோகிராமுக்குள் கூட்டிவைக்க ஜெபராஜுக்கு ஆசை. 'அன்று' என்று ஒரு பட்டியல் போட்டார். ஆளுக்கொரு வரி ஞாபகம். அதை நகலெடுத்து 'இன்று' என்று பெயர் வைத்தார். நகலில் மட்டும் வழுக்கை, பேரன், சர்க்கரை என்று ஒவ்வொருவராகத் திருத்தினார். சுயம்புலிங்கத்துக்கு நேரே 'காலமானான்' என்று அடித்தார்.

பிறகு 'அன்று' பட்டியலைத் திறந்தார். அங்கேயும் சுயம்பு காலமாகியிருந்தான்.

"மேடம், நான் அதைத் தொடவே இல்ல. நகலைத்தான் மாத்துனேன்."

"முதல்ல அவர் பேருக்கு நேரா என்ன இருந்துச்சு?"

"மவுத் ஆர்கன் வாசிப்பான். என்னை வழியனுப்ப வரல." ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கனடா கிளம்புன அன்னைக்கு எல்லாப் பயலும் ஸ்டேஷனுக்கு வந்தானுவ. அவன் மட்டும் வரல. பிறகு நானும் பேசல. இப்ப ஆளே இல்ல. அவன் பழையபடி இருக்க ஒரு இடமாவது வேணும் மேடம்."

மேடம் அவரை வராந்தாவுக்கு அழைத்துவந்து வகுப்பறையைப் பூட்டினார். காலையில் முதல் ஆளாக வருகிறவர் என்று ஜெபராஜிடமும் ஒரு சாவி உண்டு.

"உங்க சாவியால திறந்து, போர்டை அழிச்சிட்டு, பூட்டிட்டு வாங்க."

அழித்துவிட்டு வந்தார். மேடம் தன் சாவியால் திறந்தார்.

"என்ன அங்கிள், என் போர்டையும் அழிச்சிட்டீங்க?"

ஜெபராஜ் சிரித்துவிட்டார். "சாவிதானே மேடம் ரெண்டு. ரூம் ஒண்ணுல்லா."

"உங்க நகலும் சாவிதான். பட்டியல் ரெண்டு, உள்ள இருக்கிறது ஒரே ஆளுங்க. ஷேலோ காப்பி, மேலோட்டமான நகல்."

"தனியா இன்னொரு ரூமே கட்டணும்னா?"

"டீப் காப்பி. உள்ள இருக்கிற ஒவ்வொருத்தரையும் புதுசா உண்டாக்கணும். அப்புறம் இங்க நடக்கிறது அங்க தெரியாது."

மூன்று நாள் உட்கார்ந்து, அழிந்த ஞாபகங்களை எல்லாம் மறுபடி அடித்தார். இந்த முறை ஆழமாக நகலெடுத்தார். 'இன்று' பட்டியலில் சுயம்பு காலமானான். 'அன்று' பட்டியலில் மவுத் ஆர்கனோடு இருந்தான். ஜெபராஜ் வகுப்புக்கே பழம்பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவர் முகமே சரியில்லை.

"சுயம்பு தங்கச்சியைப் பார்த்துத் துக்கம் கேட்கப் போனேன் மேடம். அன்னைக்கு அவன் வந்திருக்கான்."

"ஸ்டேஷனுக்கா?"

"எதிர் பிளாட்பாரத்துல, தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னிருக்கான். பக்கத்துல வந்தா அழுதிருவேன்னு. தங்கச்சியும் கூட இருந்திருக்கா. ரயில் போன பிறகுதான் மவுத் ஆர்கனை எடுத்தானாம்."

ஜெபராஜ் இரண்டு பட்டியல்களையும் திரையில் திறந்து வைத்தார்.

"'இன்று' பட்டியல்ல 'வந்திருந்தான்'னு திருத்திட்டேன். 'அன்று' இன்னும் வரல வரலன்னே நிக்குது."

"நீங்கதானே பிரிச்சீங்க. தானா மாறாது."

"அப்ப எதுதான் மேடம் நல்ல காப்பி? கூடவே மாறுறதா, மாறாம அப்படியே நிக்கிறதா?"

மேடம் போர்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"இருபத்தாறு வருஷம் கனடாவுல ஒரு சுயம்புவை வச்சிருந்தீங்களே, அது எந்தக் காப்பி?"